லூயிஜியும் ஞானப்பிரகாசமும்



ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் நாளில் எழுந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் தம் தலைப்பிள்ளைக்கு "லூயிஜி" என்று பெயரிட விரும்பினார். இத்தாலி தேசத்துப் பெயர், சொல்ல இனிமையானது, ஆவடி முதல் பூந்தமல்லி வரை வேறு எந்தப் பையனுக்கும் இராது என்பது அவருடைய நியாயம். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டனார் முகம் வாடிப்போயிற்று. அவர் பெயர் ஞானப்பிரகாசம். தாத்தாவின் பேரைத் தாங்குகிறவன்தானே பேரன்? "என் பேர் பழசாப் போச்சு, சாமி" என்று சொல்லிவிட்டுக் கோயில் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் கேட்டது ஒரே அர்ச்சியசிஷ்டவருடைய பெயரைத்தான். அது இருவருக்கும் தெரியாது.

லூயிஜி என்பது ஜெர்மானிய இனத்தாரின் பழைய பெயரொன்றின் இத்தாலிய உருவம். "லுத்விக்" என்பது அதன் ஜெர்மன் உருவம். போரில் புகழ் பெற்றவன் என்று பொருள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது லூயி ஆயிற்று. 1270-ல் மரித்த பிரான்சு அரசர் அர்ச். ஒன்பதாம் லூயி இப்பெயரைத் தாங்கியவரே. லத்தீனில் எழுதும்போது அலோசியுஸ் என்றும் வழங்கியது. (லூர்து என்ற பெயரை இதோடு சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு. அது தேவமாதா காட்சி தந்த ஊரின் பெயர். இதற்கும் அதற்கும் உறவில்லை.)

1568-ம் வருஷம் மார்ச் 9-ந் தேதி, வட இத்தாலியில் காஸ்தில்யோனே என்னும் ஊரில், கொன்சாகா என்ற பிரபு குடும்பத்தின் மூத்த மகனாக ஒரு லூயிஜி பிறந்தார். தகப்பனார் போர்வீரர். மகனும் பெயருக்கேற்பப் படைத்தலைவனாக வேண்டுமென்பது அவர் ஆசை. நாலைந்து வயதிலேயே பிள்ளைக்குச் சின்னக் கவசம் மாட்டிப் படைமுகாமுக்குக் கூட்டிச் சென்றார். அங்கே பையன் கற்றுவந்தது சிப்பாய்களின் கெட்ட வார்த்தைகளை! பொருள் தெரியாமல் சொன்ன அவ்வார்த்தைகளுக்காகப் பின்னாளில் அவர் மிகவும் வருந்தினார்.

1585-ல் தமக்குரிய பிரபுப் பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துச் சேசு சபையில் சேர்ந்தார். 1591-ல் ரோமாபுரியில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளுக்காகத் தெருத்தெருவாய்ப் பிச்சை எடுத்தார். அவர்களைக் கழுவினார், தோளிலும் சுமந்தார். நோய் தம்மையும் பற்ற, ஜூன் 21-ந் தேதி, இருபத்துமூன்றாம் வயதில் ஆத்துமத்தைக் கடவுள் கையில் ஒப்புவித்தார். 1726-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்த பாப்பரசர் பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர், 1729-ல் அவரை வாலிபருக்குப் பாதுகாவலராகவும் ஏற்படுத்தினார்.

இவரைத்தான் நம் முன்னோர் "ஞானப்பிரகாசியார்" என்று அழைத்தார்கள். இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். இது மொழிபெயர்ப்பே அல்ல. போரும் இல்லை, புகழும் இல்லை. ஞானத்தின் ஒளி என்றல்லவா பெயர்? சொல்லின் பொருளை விட்டு மனிதரைப் பார்த்து இட்ட பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெயர் புதிதாகச் செய்ததுமன்று. திருவாரூரில் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சைவப் பெரியார் கமலை ஞானப்பிரகாசருக்கும் இப்பெயர்தான். தமிழ் நாவுக்குப் பழகிய பெயரை நம்மவர் எடுத்துக்கொண்டார்கள்.

அதே காஸ்தில்யோனேயில் 1680-ல் இன்னொரு பிள்ளை பிறந்தது. கொஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி என்று பெயர். நாம் வீரமாமுனிவர் என்று கொண்டாடுகிறோமே, அவரேதான். கொஸ்தான்சோ என்றால் நிலைகுலையாதவன். அப்பொருளைத் தழுவித் தமிழ்நாட்டில் தைரியநாதர் ஆனார். அவர் தாமும் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்றும், ஸ்நாபக அருளப்பரைக் கருணையன் என்றும் பொருளறிந்து பெயர் மாற்றிப் பாடினார். ஆக, ஒரே இத்தாலிய ஊரிலிருந்து இரண்டு பெயர்கள் நம் வீடுகளுக்கு வந்தன. ஒன்று பொருளைக் கொண்டு வந்தது, மற்றொன்று ஆளைக் கொண்டு வந்தது. அதிகம் பரவியது ஞானப்பிரகாசமே. யாழ்ப்பாணத்தில் தமிழ்ச் சொற்களின் வேர்களை ஆராய்ந்து அகராதி செய்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரை (1875–1947) அறியாத தமிழறிஞர் உண்டோ?

இன்று நம் தொட்டில்களில் இப்பெயர் அருகிவிட்டது. இத்தாலியிலும் சில வருஷங்களாக முதலிடம் பெறுவது லெயொனார்தோ என்ற பெயர். லூயிஜிக்கு அந்த மவுசு இல்லை. தென் இத்தாலியில் மூத்த மகனுக்குத் தகப்பன்வழிப் பாட்டனின் பேரிடுவது பழைய வழக்கம். ஆகவே அங்கும் சில தாத்தாமார் வாசற்படியில் உட்கார்ந்திருக்கக்கூடும்!

திருச்சபைச் சட்டம் இதில் கடினமாயில்லை. 1917-ம் வருஷத்துச் சட்டம் கிறீஸ்தவப் பெயரே இடும்படி பார்த்துக்கொள்ளக் குருக்களைப் பணித்தது. 1983-ம் வருஷத்துச் சட்டமோ கிறீஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்று மட்டும் சொல்கிறது (விதி 855). லூயிஜியும் ஆகும், ஞானப்பிரகாசமும் ஆகும்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது பாட்டனார் எழுந்து வந்தார். "அப்போ இத்தாலிக்காரன் என்னையும் லூயிஜின்னுதான் கூப்பிடுவானா?" என்று கேட்டார். ஆமென்றதும் சிரித்துவிட்டார். பதிவேட்டில் லூயிஜி ஞானப்பிரகாசம் என்று எழுதியாயிற்று. வீட்டில் தகப்பன் ஒரு பெயரும் தாத்தா ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். பிள்ளை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறான்.