மடல் தேங்கிய இடம்

நேர்முகத் தேர்வுக்கு வருமாறு ஓர் இளைஞனுக்கு விடுத்த மின்னஞ்சல், தேர்வு நாள் கழிந்தபின் வந்து சேர்கின்றது எனக் கொள்வோம். அனுப்பியவரும் குற்றமற்றவர், பெற்றவனும் குற்றமற்றவன். அவ்வாறாயின் மடல் எங்கே தேங்கியது? இதனை ஆராயும் முறையை ஈண்டுக் காண்போம்.

மின்னஞ்சல், எழுதியவரிடமிருந்து நேரே பெறுபவரைச் சென்றடைவதில்லை. இடையே சேவையகங்கள் என்னும் கணிப்பொறிகள் உள்ளன. ஒன்று மடலைப் பெற்று, காத்து, அடுத்ததனிடம் ஒப்படைக்கும். இதற்குரிய விதிகளை 1982-ஆம் ஆண்டில் ஜொனாதன் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்து வெளியிட்டார். அவ்விதிகள் பின்னர்த் திருத்தம் பெற்று, 2008-ஆம் ஆண்டில் மீண்டும் வெளிவந்தன.

அவ்விதிகளின் உயிர்நிலை யாது? ஏற்றுக்கொண்டதாக மறுமொழி வரும்வரை, அனுப்பும் சேவையகம் மடலுக்குப் பொறுப்பாகும் என்பதே. மறுமொழிகள் மூவிலக்க எண்களால் அமைவன. இறுதி மறுமொழி 2 என்னும் இலக்கத்தில் தொடங்கின் ஏற்பு. 4-இல் தொடங்கின் தற்காலிகத் தடை. 5-இல் தொடங்கின் முற்றான மறுப்பு. தற்காலிகத் தடை நேரின், மடலை வரிசையில் வைத்து மீண்டும் முயலுதல் வேண்டும். பொதுவாக 30 நிமிடமேனும் இடைவிட்டு, நான்கைந்து நாளேனும் முயலவேண்டும் என்பது விதி. இதனால் மடல் காக்கப்படுகின்றது. ஆயின் காலம் காக்கப்படுவதில்லை. இளைஞனுக்கு நேர்ந்த இழப்பும் இதுவே.

இணைப்பு அறுந்ததாகப் பதிவேடு கூறுமாயின், எந்நிலையில் அறுந்தது என்று முதலில் நோக்குதல் வேண்டும். எதிர்ச் சேவையகத்தின் வரவேற்புரை வருமுன்னரே அறுந்திருப்பின், வழி பழுதுற்றிருக்கலாம், அச்சேவையகம் செயலற்றிருக்கலாம், அல்லது இணைப்பை அதுவே மறுத்திருக்கலாம். மடல் முழுதும் சென்றபின், ஏற்பு மறுமொழி வருமுன் அறுந்திருப்பின் நிலைமை நுட்பமானது. எதிர்ச் சேவையகம் மடலைப் பெற்றிருக்கும். அனுப்பியது அதனை அறியாது. எனவே மீண்டும் அனுப்பும். ஒரே மடல் இருமுறை சேரும். இதனைக் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் என்பார் 1988-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். இது நேராவண்ணம், இறுதி மறுமொழிக்காகப் பத்து நிமிடமேனும் காத்திருக்குமாறு விதிகள் பணிக்கின்றன. எனினும், ஒரு மடலை இழப்பதினும் அஃது இருமுறை சேர்தல் நன்றன்றோ?

தாமதத்தை அறிய மற்றொரு வழியும் உண்டு. கடிதத்தில் அஞ்சல் நிலையம் முத்திரை இடுவது போல, ஒவ்வொரு சேவையகமும் தான் மடலைப் பெற்ற நாளையும் நேரத்தையும் மடலின் தலைப்பகுதியில் பொறிக்கின்றது. புதிய குறிப்பு மேலே சேர்வதால், அவற்றைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். அடுத்தடுத்த இரு குறிப்புகளிடையே நேரம் மிகுதியாகக் கழிந்திருப்பின், மடல் தேங்கிய இடம் அதுவேயாம். கடிகாரப் பிழையையும், நாட்டுக்கு நாடு வேறுபடும் நேரக் கணக்கையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மாணவர்களே! சேவையகம் சோர்வின்றி முயலும். ஆயின் எம்மடல் இன்றே சேரவேண்டுவது என்பதை அஃது அறியாது. வரிசையை நாள்தோறும் நோக்கி, தேங்கிய மடலின் காரணத்தைக் களைதல் மனிதர் கடமையாகும். அக்கடமை தவறாதிருப்பின், அவ்விளைஞன் உரிய நாளில் தேர்வுக்குச் சென்றிருப்பான்.