ஒரே குடும்பம், வெவ்வேறு இனம்

வயலில் களை பிடுங்கும்போது நெல்லையும் கோழிச்சூடனையும் நாம் எப்படி இனங்காண்கிறோம்? எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கிட்டப் போய், இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்த்தால் நெல்லில் மெல்லிய நாக்குப் போன்ற சவ்வு இருக்கும். கோழிச்சூடனில் அது இராது. இதை அறியாதவர் பயிரைப் பிடுங்கிவிட்டுக் களையை வளர்ப்பார். இப்படி இனம் பிரித்து அறிவது ஒரு செடியின் இருப்பையே காக்கும் என்பதற்கு அமெரிக்காவின் இரண்டு அரிய காட்டுச் செடிகள் சான்று.

செடிகள் எவை?

இவற்றைக் காட்டு ஹொலிஹொக் என்பர். தாவரவியலில் இலியம்னா என்று பெயர். நமது வெண்டி, பருத்தி, செவ்வரத்தை, பூவரசு, துத்தி எல்லாம் இவற்றின் உறவுகளே. இளஞ்சிவப்பான ஐந்து இதழ்களும், விரித்த கைபோன்ற இலையும் இரண்டுக்கும் பொது.

முதலாவது இலியம்னா ரிமோட்டா. இது இலினோய் மாநிலத்தில், கன்கக்கீ ஆற்றின் நடுவிலுள்ள லாங்கம் தீவில் 1872 இல் கண்டறியப்பட்டது. இரண்டாவது இலியம்னா கோரேயி. இதை 1927 இல் வேர்ஜினியா மாநிலத்தின் பீற்றர்ஸ் மலையில் ஏர்ல் கோர் என்பவர் கண்டார். அந்த ஒரு மலையைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. அறிஞர்கள்கூட முதலில் இதை ரிமோட்டாவின் ஒரு வகை என்றே எண்ணினர். பின்னரே தனி இனமாகக் கொண்டனர்.

வேறுபாடு காண்பது எப்படி?

1. இலை: ரிமோட்டாவின் இலையில் நடுமடல் அகலமானது. கோரேயியில் அது ஒடுங்கியது.

2. மணம்: ரிமோட்டாவின் பூ மணக்கும். கோரேயியின் பூவுக்கு மணமில்லை.

3. உயரம்: ரிமோட்டா ஆறடிவரை வளரும். கோரேயி பெரும்பாலும் மூன்றடியளவில் நின்றுவிடும். ஆனால் மண்ணும் நிழலும் உயரத்தை மாற்றிவிடும். இதை மட்டும் நம்பலாகாது.

4. இடம்: ரிமோட்டாவின் தாயகம் ஆற்றுத் தீவு. கோரேயி நிற்பது சுமார் 3,000 அடி உயரத்தில், மணற்பாறை இடுக்குகளில்.

ஒரு அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது; எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இந்தக் கவனம்?

1927 இல் ஏறக்குறைய ஐம்பதாக இருந்த கோரேயிச் செடிகள், 1986 இல் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. “இரண்டும் ஒன்றுதானே” என்று எவராவது ரிமோட்டா விதையை அந்த மலையில் தூவியிருந்தால், மலை நிறையச் செடி நின்றிருக்கும்; கோரேயி அதற்குள் கலந்து மறைந்திருக்கும். தொகை பெருகியும் இனம் அழிந்திருக்கும்.

அவர்கள் வேறு வழி தேடினார்கள். இதன் விதைத்தோல் மிகக் கடினமானது. தண்ணீரை உள்ளே விடாது. இப்பில் இப்பில் விதையை நாம் சுடுநீரில் இட்டு நடுவதில்லையா? அதுபோல இதற்குத் தீயின் சூடு வேண்டும். காட்டுத்தீயை நெடுங்காலம் அடியோடு தடுத்துவந்ததால் விதைகள் மண்ணுள்ளேயே கிடந்தன. 1992 இல் காவலோடு அளவாகத் தீயிட்டபோது இளஞ்செடிகள் முளைத்தன.

லாங்கம் தீவிலும் இதுவே நடந்தது. 2014 இல் தேடியவர்கள் அங்கே ஒரு ரிமோட்டாவையும் காணவில்லை. அந்நியப் புதர்களை வெட்டிக் குவித்து எரித்தார்கள். அடுத்த ஆண்டு, எரித்த இடங்களில் ரிமோட்டா முளைத்தது. மேலே ஒரு செடியும் இல்லாத காலத்திலும் மண் அதன் விதையை வைத்திருந்தது.

நாமும் ஊரைவிட்டு வந்து, கிடைத்த விதையைக் கிடைத்த மண்ணில் போடுகிறோம். அது குற்றமல்ல, வயிறு காத்திருக்காது. ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி விதை இருந்தால், அதை மற்றதோடு கலக்காமல், பெயரும் ஊரும் எழுதி வேறாக வைப்போம். எது எதுவென்று அறிந்தவர் இருக்கும்வரைதான் அது நம் ஊர் விதை.

குழுவில் கலந்துரையாட

1. நம் ஊரில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பயிர்கள் எவை? அவற்றை எந்த அடையாளங்களால் பிரிக்கிறோம்?

2. இவற்றை அறிந்த முதியவர்கள் நம்மிடையே யார்? பிள்ளைகளுக்கு அவர்கள் எப்போது கற்பிக்கலாம்?

3. கையிலுள்ள விதைகளில் எவற்றைத் தனியே காக்க வேண்டும்?