ரங்கூன் தாத்தாவை எங்கே தேடுவது?

‘கொள்ளுத்தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாராம். சண்டையின்போது நடந்தே ஊர் வந்தாராம். நேதாஜி படையிலும் இருந்தாராம். இவ்வளவுதான் தெரியும், இதை வைத்து என்ன எழுதுவது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மூன்றாவது ‘ஆம்’தான் இடிக்கிறது. ரங்கூனில் ஜப்பான்காரன் முதல் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. 1942 மார்ச்சில் நகரம் அவன் கைக்குப் போய்விட்டது. நம் ஜனங்கள் கால்நடையாகக் கிளம்பியது அந்தச் சில மாதங்களில்தான். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததோ 1943 ஜூலையில். அதற்குள் தாத்தா ஊரில் இருந்திருப்பார். அதற்காகக் கதையைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட தம்பியோ மைத்துனரோ இருந்தாரா என்று விசாரியுங்கள். இரண்டு பேர் கதை ஒருவர் தலையில் ஏறிவிடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

அடுத்து, வீட்டுப் பெட்டியைத் திறங்கள். பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும். எல்லோரும் சர்வே எண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நீங்கள் சக்குபந்தியைப் படியுங்கள். ‘இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று பக்கத்து நிலக்காரர்கள் பெயரோடு இருப்பார்கள். அவர்கள் பேரன் பேத்திகள் இன்னும் ஊரில் இருக்கலாம். சாட்சிக் கையெழுத்துகள், கைநாட்டு, எந்தக் கடனுக்காக விற்றார் என்ற வரி, எதையும் விடாதீர்கள். பத்திரம் தொலைந்திருந்தாலும் எண்ணும் வருஷமும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடலாம்.

ஜாதக நோட்டில் ‘சித்திரபானு’ என்றிருந்தால் உடனே 1942 என்று எழுதிவிட வேண்டாம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும்; 1882ஆகவும் இருக்கலாம்.

பெரியவர்களிடம் ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘தாத்தா வந்தபோது பெரிய அத்தை பிறந்தாச்சா?’, ‘அவர் செத்தது தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலயா?’ என்று கேளுங்கள். புயல் 1964 டிசம்பர். பதில் தானாக ஒரு பக்கம் ஒதுங்கும்.

நடந்த பாதைக்கு வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ படியுங்கள். ஆனால் அவர் பட்டதையெல்லாம் உங்கள் தாத்தா மேல் ஏற்றாதீர்கள். அவர் பத்திரிகையாளர்; இவர் மூட்டை தூக்கியவர். பத்திரத்தில் உள்ளதைக் கறுப்பு மையிலும், காலத்தை வைத்து ஊகிப்பதை நீல மையிலும் எழுதுவது என் வழக்கம். முதல் படியில் பெரும்பாலும் நீலம்தான் இருக்கும், பரவாயில்லை.

பாதையும் ஒன்றல்ல. அரக்கான் மலை தாண்டிக் கரைக்கு வந்து படகேறிச் சிட்டகாங் போனவர்கள் உண்டு. தம்மு வழியாக மணிப்பூருக்குள் ஏறியவர்களும் உண்டு. தாத்தா சொன்ன கதையில் எங்காவது படகு வந்ததா என்று அத்தையிடம் கேட்டுப் பாருங்கள்.