தாளும் திரையும்: கணக்கைக் காட்டும் இரு வழிகள்

கணக்கை எழுதுவது ஒரு வேலை. எழுதிய கணக்கைப் பிறர்க்கு விளங்கக் காட்டுவது வேறொரு வேலை. முன்னதில் நாம் பயிற்சி பெறுகிறோம். பின்னதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதே அரிது. அச்சிடுவதற்கென்றே அமைக்கப்படும் அறிக்கையும், கணிப்பொறித் திரையில் வேண்டியதைத் தொட்டுப் பார்க்கும் டாஷ்போர்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தாளின் எல்லை

நமக்குப் பழக்கமான விடுதிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு விடுதியில் 400 மாணவர். மாதத்திற்கு 31 நாட்கள். ஒவ்வொருவரும் எந்தெந்த நாள் மெஸ்ஸில் உண்டார் என்பதே பதிவேடு. இதை ஏ4 தாளில் அச்சிட வேண்டும்.

ஏ4 தாளின் அளவு 210-க்கு 297 மில்லிமீட்டர். அதை அகலவாட்டில் வைத்து, நாற்புறமும் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டால், எழுதுவதற்கு எஞ்சுவது 247-க்கு 160 மில்லிமீட்டர் இடமே. பத்தி ஒன்றுக்கு 20 மில்லிமீட்டர் என்றால் 12 பத்திகள் அடங்கும். பெயருக்கு ஒன்று போக, 11 நாட்களே ஒரு பக்கத்தில் நிற்கும். ஆகவே ஒரு மாதத்தைக் காட்ட மூன்று பக்கங்கள் அடுத்தடுத்து வேண்டும். வரி ஒன்றுக்கு 6 மில்லிமீட்டர் கொடுத்தால், தலைப்பு வரி நீங்கலாக 25 பெயர்கள் அடங்கும். 400 பெயர்களுக்கு 16 பக்கங்கள். மொத்தம் 48 பக்கங்கள்!

இத்தனை பக்கங்களை யார் படிப்பார்? ஆகவே அறிக்கை எழுதுபவர் நாட்களை விட்டுவிட்டு, ஆளுக்கொரு கூட்டுத்தொகையை மட்டும் எழுதுகிறார். இது அவர் குற்றமன்று. தாளின் அகலம் இட்ட கட்டளை. பெரிய கணிப்பொறிகளோடு இணைந்திருந்த பழைய வரி அச்சுப்பொறிகளில் பல, வரிக்கு 132 எழுத்துகளே அடித்தன. அலுவலக அறிக்கைகளும் அந்த அகலத்திற்குள்ளேயே அமைக்கப்பட்டன. அச்சிட்டபின் வரிசையையும் மாற்ற இயலாது. அறை எண் வரிசையில் அடித்த பட்டியலில், மிகுதியாக விடுப்பு எடுத்தவர் யார் என்று தேட விரல்தான் துணை.

திரை தரும் வாய்ப்பு

டாஷ்போர்டு என்பது முதலில் குதிரை வண்டியில், குளம்படி எழுப்பும் சேறு ஓட்டுபவர்மேல் தெறிக்காதபடி தடுத்த பலகையின் பெயர். பின்னர் மோட்டார் வண்டியில் வேகமும் எண்ணெயும் காட்டும் பலகைக்கு அப்பெயர் வந்தது. அங்கிருந்து கணிப்பொறிக்கு ஏறியது. திரையில் தகவலைக் காட்டும் முறை குறித்து, அமெரிக்க அறிஞர் பென் ஷ்னைடர்மன் 1996-இல் ஒரு நெறி வகுத்தார். முதலில் முழுத் தோற்றத்தைக் காட்டுக. அடுத்து நெருங்கிப் பார்க்கவும் வேண்டாததை வடிகட்டவும் இடங்கொடுக்க. நுணுக்கத்தைக் கேட்கும்போது தருக என்பது அதன் சாரம்.

இதன் பயனை நான் நேரில் கண்டேன். என் நண்பர் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குச் சென்று, ஜனவரி 10 முதல் 17 வரை எட்டு நாட்கள் விடுதியில் இல்லை. அவர் உண்ட நாட்கள் 23. அச்சிட்ட பட்டியலோ 27 என்றது. நான்கு நாள் ரிபேட் போயிற்று. கல்வி உதவித்தொகையில் காலம் தள்ளுபவருக்கு அது சிறு தொகையன்று. எந்த நான்கு நாட்கள் என்று கேட்டால், தாளில் விடை இல்லை. பின்னர் மெஸ் குழுவில் பதிவேட்டைத் திரையில் ஏற்றி, அவர் பெயரைத் தேர்ந்தோம். 14 முதல் 17 வரை உண்டதாகக் குறி இருந்தது. ஊரில் பொங்கல் உண்டவர், அதே நாளில் இங்கும் உண்டதாகக் கணக்கு! விடுப்பை நீட்டிக்க அவர் கொடுத்த சீட்டு பதிவாகவில்லை என்பது தெரிந்தது.

திரையின் குறை

அப்படியானால் தாளை எறிந்துவிடலாமா? கூடாது. பிழையைத் திருத்தியதும் திரையில் எண் மாறிற்று. மறுவாரம் குழு கூடியபோது, முன்னர் ஒப்புக்கொண்ட தொகை எது என்ற கேள்வி எழுந்தது. ஒருவர் ஒன்று சொன்னார். மற்றொருவர் வேறு சொன்னார். இருவரும் பொய் சொல்லவில்லை. பார்த்த நாள்தான் வேறு. தேதியும் கையெழுத்தும் உள்ள தாள் மட்டுமே அன்று சாட்சி சொல்ல வல்லது.

டாஷ்போர்டை அப்படியே அச்சிடலாமே எனில், அதிலும் இடர் உண்டு. திரையில் உருட்டிப் பார்க்க வேண்டிய நீண்ட அட்டவணையை அச்சிட்டால், பெரும்பாலும் அப்போது கண்ணுக்குத் தெரியும் வரிகளே தாளில் விழும். மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ. போன்ற கருவிகள், பக்கம் பிரித்து அச்சிடும் அறிக்கையையும் ஊடாடும் அறிக்கையையும் தனித்தனி வகைகளாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், எதைக் கேட்பது என்று அறியாதவருக்கு டாஷ்போர்டின் முதல் தோற்றமே முழு உண்மையாகிவிடும். சுவரில் ஒட்டிய தாளைச் சமையற்காரரும் நின்று படிப்பார். திரையைத் திறக்க அவரை யார் அழைத்தார்?

முடிவு

கேள்வி முன்பே தெரிந்து, அதன் விடைக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தால் தாளே தக்கது. கேள்வி இனிமேல்தான் பிறக்கவேண்டும் எனில் திரையே தக்கது. இப்போது எங்கள் குழு மாதம் முடிந்ததும் ஒரே பக்கத்தில் கூட்டுத்தொகையை அச்சிட்டுக் கையெழுத்திடுகிறது. நாள்வாரிக் கணக்கைத் திரையில் எவரும் காணலாம். பின்னர் வரும் திருத்தங்கள் தனித் தாளில் தேதியோடு ஏறுகின்றன.

நண்பருக்கு நான்கு நாள் ரிபேட் கிடைத்தது. உண்மையைக் காட்டியது திரை. அதற்கு அவர் கையில் உள்ள ரசீதோ, தாள்!