யாழ்ப்பாண வெயிலுக்கு எந்தத் தெர்மோஸ்ராற்?

கேள்வி: மொறிஸ் மைனர் 1000 காருக்கு 74 பாகையில் திறக்கும் தெர்மோஸ்ராற் நல்லதா, 82 பாகையா? கராஜில் கழற்றி எறியச் சொல்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 82 போடுங்கள், கழற்ற வேண்டாம். தெர்மோஸ்ராற் எஞ்சின் சூட்டின் கீழ் எல்லையை மட்டுமே காக்கிறது. முழுதாகத் திறந்தபின் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. 82இல் கொதிக்கும் கார் 74இலும் கொதிக்கும். அப்படிக் கொதித்தால் றேடியேற்றரைப் பாருங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தில் அடியில் பிடிக்கும் அதே வெள்ளைப் படிவுதான் றேடியேற்றர் குழாய்களையும் அடைக்கிறது. மழைநீரோ வடிநீரோ ஊற்றுவது நல்லது.

வெயில் ஊருக்குத் தெர்மோஸ்ராற் எதற்கு என்பார்கள். வெளியே 32 பாகை என்றாலும் எஞ்சினுக்கு இன்னும் 50 பாகை ஏற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாத பெற்றோல், சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதானபோது, கார்களைப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சூடில்லாமல் அது ஆவியாகாது. 74 வெப்ப நாடுகளுக்கென்றே விற்கப்படுவது உண்மை. ஏற்றங்களில் கொதிப்பதை அது சற்றுத் தாமதப்படுத்தும். குடாநாடோ தட்டைநிலம், ஓட்டமும் பெரும்பாலும் சந்தைவரைதான்.

வாங்கியதை நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். விளிம்பில் பொறித்த எண்ணை ஒட்டித் திறக்காவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.