கம்பம்மெட்டில் வீட்டு வயரிங்: எலக்ட்ரீசியனை அமர்த்த முழுமையான வழிகாட்டி

கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மின்வாரியம் மாறிவிடுகிறது. கீழே தமிழ்நாட்டு வாரியம், மேலே கேரள வாரியமான கே.எஸ்.இ.பி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர்கேம்ப்பில் இறக்கித் தமிழ்நாடு கரண்ட் எடுக்கிறது. இடுக்கி அணைத் தண்ணீரை மூலமற்றத்தில் இறக்கிக் கேரளம் எடுக்கிறது. சுவிட்சைத் தட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். வயரிங் வேலைக்கு ஆள் தேடும்போதுதான் எல்லைக்கோடு வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்.

மேட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கம்பத்திலோ கூடலூரிலோ உத்தமபாளையத்திலோ சொந்தக்காரர் இல்லாமல் இருக்காது. அங்கே கூலியும் குறைவு. அதனால் புது வீடோ, பழைய வீட்டு மராமத்தோ, கீழேயிருந்து ஒரு தம்பியை வரச் சொல்லிவிடுகிறோம். அவர் வேலை சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் இணைப்புக்கு விண்ணப்பம் போடும்போது டெஸ்ட் ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து என்று செக்‌ஷன் ஆபீசில் கேட்பார்கள். வயர் இழுக்கும் கை எந்த ஊராகவும் இருக்கட்டும், அந்தக் கையெழுத்து கேரள லைசென்ஸ் உள்ளவருடையதாக இருக்க வேண்டும். இதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட்டால் பாதித் தலைவலி இல்லை.

முதல் படி: எது சின்ன வேலை, எது பெரிய வேலை

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை உள்ளபடியே மாற்றிப் போடுவதற்கு அவற்றில் விலக்கு உண்டு. கூடுதலாகப் பாயிண்ட் இழுப்பது, வயரிங்கை மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், பெர்மிட் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. ஹீட்டருக்காக ஒரு புதுப் பாயிண்ட் போட்டாலும் அது இந்தக் கணக்கில்தான் சேரும்.

மீட்டர் வரைக்கும் வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு உங்கள் பொறுப்பு. போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் வயரைத் தொடவோ, மீட்டர் சீலை உடைக்கவோ எந்தத் தனியார் எலக்ட்ரீசியனுக்கும் உரிமை கிடையாது. "அதையும் நானே பார்த்துக்கிறேன், ஆபீசுக்கெல்லாம் எதுக்கு" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களுக்கான ஆள் இல்லை.

இரண்டாம் படி: லைசென்ஸைக் கேளுங்கள், கூச்சப்படாமல்

கேரளத்தில் வயர்மேன் பெர்மிட்டும் ஒப்பந்தக்காரர் லைசென்ஸும் கொடுப்பது மாநில மின் லைசென்சிங் போர்டு. தமிழ்நாட்டிலும் இதே போல ஒரு போர்டு இருக்கிறது. அங்கே வாங்கிய சான்றிதழைக் காட்டி மேட்டில் நேராக ரிப்போர்ட் எழுதிவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்த சான்றிதழ் படிப்புக்கான சான்று மட்டுமே, அது பெர்மிட் ஆகாது.

கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. "அண்ணே, கடைசியில டெஸ்ட் ரிப்போர்ட் உங்க பேர்லயே வருமா, வேற ஆள் போடுவாங்களா?" என்று கேட்டால் போதும். மலையாளிச் சேட்டனிடமும் இதே கேள்விதான். வேறு ஆள் என்றால் அந்த ஆளை வேலை தொடங்கும் முன்பே ஒருமுறை வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்து விற்கிறவர்களும் உண்டு. அந்தக் காகிதத்தை நம்பித்தான் உங்கள் பிள்ளைகள் நாளைக்கு ஈரக்கையோடு சுவிட்சைத் தொடப்போகிறார்கள்.

கீழேயிருந்து தெரிந்த ஆளை வைத்தே செய்ய நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. நெடுங்கண்டம், கட்டப்பனை, தூக்குப்பாலம் பக்கம் உள்ள லைசென்ஸ் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலையை ஒப்படையுங்கள். கம்பத்துத் தம்பியிடம் பெர்மிட் இருந்து, அது இங்கே செல்லும் என்று ஒப்பந்தக்காரர் உறுதிப்படுத்தினால், ஒப்பந்தக்காரர் மேற்பார்வையில் தம்பியே வேலை செய்யட்டும். செலவு கொஞ்சம் கூடும்தான். சுவரை உடைத்து மறுபடி வயர் இழுக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: லோடு கணக்கை நீங்களே போடுங்கள்

இந்தக் குளிரில் ஏ.சி. யாருக்கும் தேவைப்படாது. இங்கே கரண்டை இழுப்பது வெந்நீர்தான். ஹீட்டர் 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, அயர்ன்பாக்ஸ் 1,000, ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 750. கூட்டினால் 5,750 வாட். கேரளத்தின் 2014 விநியோக விதித்தொகுப்புப்படி இணைப்புச் சுமை 5 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ ஃபேஸ் பக்கம் போக வேண்டும். இதை வீடு கட்டும்போதே ஒப்பந்தக்காரரிடமும் செக்‌ஷன் ஆபீசிலும் பேசிவிடுங்கள். டி.பி. (டிஸ்ட்ரிபியூஷன்) பாக்ஸின் அளவு, மெயின் வயர், மீட்டர் எல்லாம் இந்தக் கணக்கைப் பொறுத்தவை.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வீட்டு முற்றத்திலேயே இருந்தால் அதற்கு வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுக்காதீர்கள். வீட்டுக் கட்டணத்தில் வாங்கிய கரண்டை வேறு உபயோகத்துக்குத் திருப்பியதாகக் கேஸ் வரலாம். எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்று ஆபீசில் கேட்ட பிறகு வேலையைத் தொடங்கலாம். தோட்டத்து லயத்திலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நான்காம் படி: கூலி பேசுவது

பாயிண்ட் கணக்கு, நாள் கூலி, மொத்தக் காண்ட்ராக்ட் என்று மூன்று விதம் உண்டு. புது வீட்டுக்குப் பாயிண்ட் கணக்கு ஏற்றது. ஆனால் எது ஒரு பாயிண்ட் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரே போர்டில் மூன்று சுவிட்சும் ஒரு சாக்கெட்டும் இருந்தால் ஒன்றா நான்கா? சுவர் வெட்டுவதும் பூசுவதும் அதில் சேருமா? இந்த இரண்டில்தான் சண்டை வரும். பழைய வீட்டுப் பழுதுக்கு நாள் கூலி பரவாயில்லை, ஏனென்றால் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று திறக்கும் வரை யாருக்கும் தெரியாது.

இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். மிகக் குறைந்த தொகை சொன்னவரிடம் எந்த வயர், எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேட்டால் குறைவின் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பேசியதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ, இருவருக்கும் படிக்கத் தெரிந்த மொழியில்.

ஐந்தாம் படி: சாமான்

லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, பெரிய ஹீட்டருக்கும் மெயினுக்கும் 4 அல்லது அதற்கு மேல். சாதாரண வீட்டுக்கு இதுதான் வழக்கமான அளவு, தூரத்தையும் லோடையும் வைத்து ஒப்பந்தக்காரர் கூட்டுவார். வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. மிச்சம் கிடக்கிற வயரை வைத்து நிறம் மாற்றி இழுக்க விடாதீர்கள். பத்து வருடம் கழித்து வேறொருவர் அந்தப் போர்டைத் திறப்பார். சாமானைக் கம்பத்தில் வாங்கினாலும் கட்டப்பனையில் வாங்கினாலும் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

ஆறாம் படி: எர்த்தும் இடியும்

மற்ற இடங்களில் ஒரு வரியில் முடிகிற விஷயம், மலையில் அப்படி முடியாது. இந்திய எர்த்திங் தரமான ஐ.எஸ். 3043 பைப் எர்த்துக்கு 2.5 மீட்டர் நீளம் சொல்கிறது. இங்கே மூன்று அடியில் பாறை தட்டுப்படும். உடனே சிலர் பைப்பை அறுத்துப் புதைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் குழி தோண்டும் நாளில் வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். பாறை வந்தால் இடத்தை மாற்றலாம், தண்ணீர் வழிந்து ஓடும் ஈரமான பக்கத்தில் தோண்டலாம், ஒன்றுக்கு இரண்டாக வைத்து இணைக்கலாம், தகடு எர்த் போடலாம். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். கோடைக்காலத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும், மழைக்காலத்தில் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகவே காட்டும்.

துலாம் மாத மழையிலும் கோடை மழையிலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் இடி இறங்கும் ஊர் இது. டி.பி. பாக்ஸில் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் வைக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் அது அலங்காரம்தான். அது இருந்தாலும் இடி முழங்கும்போது டிவி, மோடம் பிளக்கைக் கழற்றுவதை விட வேண்டாம்.

ஏழாம் படி: ஆர்.சி.சி.பி.யை விட்டுக்கொடுக்காதீர்கள்

எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், மனிதனை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனித உடலுக்குள் 0.03 ஆம்பியர் போனாலே ஆபத்து ஆரம்பித்துவிடுகிறது. அந்த 30 மில்லி ஆம்பியர் கசிவை உணர்ந்து கரண்டைத் துண்டிப்பதுதான் ஆர்.சி.சி.பி. ஊரில் இதை இ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். புது இணைப்பு கேட்கும் வீட்டில் இது இருக்க வேண்டும்.

பிரச்சினை அதை மாட்டிய பிறகுதான். ஆடி மாதச் சாரலில் வெளிப் போர்டில் ஈரம் ஏறும், ஆர்.சி.சி.பி. விழும். மறுபடி போட்டால் மறுபடி விழும். அலுத்துப்போய் யாரையாவது கூப்பிட்டு "டைரக்ட்" செய்துவிடுகிறோம். கசிவு அப்படியே இருக்கிறது, காவல்தான் போய்விட்டது. நல்ல எலக்ட்ரீசியன் ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்துப் பார்த்துக் கசிவு எந்த லைனில் என்று கண்டுபிடிப்பார். உடனே பைபாஸ் பேசுகிறவரை அனுப்பிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் ஒன்றோடொன்று கலந்தால் ஆர்.சி.சி.பி. தாங்காது. பிற்பாடு இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தாலும் அதற்கான நியூட்ரலை இப்போதே தனியாக இழுக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் என்றால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக் கரண்ட் திரும்பி லைனில் ஏறி, போஸ்ட்டில் நிற்கும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

எந்தக் காசுக்கும் செய்யச் சொல்லக் கூடாதது

காட்டுப்பன்றியும் யானையும் வரும் தோட்டத்தில் வீட்டு லைனிலிருந்து கம்பிவேலிக்கு நேராகக் கரண்ட் கொடுப்பது. இதில் பன்றியை விட மனிதர்கள் சாவதே வயிற்றைக் கலக்குகிறது. இரவில் கரண்ட் போன பிறகு வேலியைத் தொட்டுக்கொண்டு போகிறவருக்கு அது எப்போது திரும்ப வரும் என்று தெரியாது. சட்டப்படியும் குற்றம், தண்டனை வேலி போட்டவருக்கு. வேலி வேண்டுமென்றால் துடிப்பாக மட்டும் மின்னோட்டம் விடும் எனர்ஜைசர் தனியாகக் கிடைக்கிறது, அதையும் மின் ஆய்வுத் துறையிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

கடைசிப் படி: சோதனை, பணம், காகிதம்

மொத்தப் பணத்தையும் முன்பே கொடுக்க வேண்டாம். பைப் போட்டதும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, சோதனை முடிந்து ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு மீதி. பைப் பதித்துச் சுவர் பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும்.

சோதனையில் மெகர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பார்கள். 500 வோல்ட்டில் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பிறகு ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த் வருகிறதா, ஃபேஸ் வலது பக்கம்தானா என்று பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை உங்கள் கையாலேயே அமுக்குங்கள். உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை அதை அமுக்கிப் பார்க்கும் வேலையை வீட்டில் ஒருவருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

புது இணைப்புக்கு அடையாள அட்டை, இடத்தின் உரிமைக்கோ குடியிருப்புக்கோ ஆதாரம், ரிப்போர்ட் ஆகியவற்றோடு செக்‌ஷன் ஆபீசுக்குப் போகலாம், கே.எஸ்.இ.பி. இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். உங்கள் செக்‌ஷன் எது என்று தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு பில்லைப் பாருங்கள், அதில் பெயர் இருக்கும். சந்தேகம், புகார் எதுவானாலும் 1912க்கு அடிக்கலாம். எல்லைப் பகுதி என்பதால் மொபைல் சில சமயம் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும், எடுத்ததும் இது கே.எஸ்.இ.பி.தானா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.