பால்மரப் பலகை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரப்பர் மரத்தில் பால் ஊறுவதால் அதன் பலகை காய் நறுக்க ஆகாது என்பது ஒரு நம்பிக்கை. உண்மையில் பால் ஓடும் குழாய்கள் மரத்தின் உட்பட்டையில்தான் இருக்கின்றன, கட்டையில் இல்லை. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் கைக்கே இது தெரியும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பலகையாவது பட்டை நீங்கிய கட்டை மட்டுமே.

அந்தக் கட்டை விறகுக்குத்தான் லாயக்கு என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 25, 30 ஆண்டுகள் ஆகி மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்ட மரங்கள் 1970கள் வரை பெரும்பாலும் புகைக்கூடங்களிலும் சூளைகளிலும் எரிந்தன. கட்டையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. அதனால் வெட்டிய சில நாட்களிலேயே நீலக்கறைப் பூஞ்சை படரும், வண்டு துளைக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, உலர்சூளையில் காயவைக்கும் முறை வந்த பிறகே அது மரச்சாமான் ஆனது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் போரான் உப்பு நீரில் கரையக்கூடியது. எப்போதும் ஈரமாகக் கிடக்கும் பலகை அந்தப் பாதுகாப்பை மெல்ல இழக்கும்.

மரம் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்பதும் சரியல்ல. செங்கால் போன்ற வைரமரங்கள் கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டுபவை. கத்தி முனை சீக்கிரம் மழுங்கும். மெர்பாவ் நனைந்தால் பழுப்புச் சாயம் விடும். மூங்கிலில் உள்ள சிலிக்காவும் கத்திக்குப் பகை. ரப்பர் கட்டை ஏறக்குறைய 560 முதல் 650 கிலோ; காய்கறிக்கு இந்த நடுத்தரம் பொருத்தமானது. எலும்போடு கறி கொத்துவதற்கு வேறு கட்டை வேண்டும். கறிக்கடைகளில் புளியமரக் கட்டை நிலைத்திருப்பது அது எளிதில் சிம்பு தெறிக்காததால்தான்.

ஒட்டுப்பலகை மட்டம், ஒரே துண்டுப் பலகையே உசத்தி என்பாரும் உண்டு. அகன்ற ஒற்றைப் பலகைதான் ஈரமும் வெயிலும் மாறிமாறி வரும்போது வளைந்து வெடிக்கிறது. குறுகிய துண்டுகளை நீர் தாங்கும் பசையால் இணைத்தது நேராக நிற்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இணைப்பில் இடைவெளி இருக்கிறதா என்பதையே.

பிளாஸ்டிக்தான் சுத்தமானது என்பது இவற்றுள் மிக வலுவாக வேரூன்றிய நம்பிக்கை. 1994இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டீன் கிளைவர் குழு வெளியிட்ட ஆய்வுகள் அதை அசைத்தன. மரத்தில் விடப்பட்ட கிருமிகள் மேற்பரப்புக்குக் கீழே உறிஞ்சப்பட்டு, பெருகாமல் படிப்படியாக மடிந்தன. புதிய பிளாஸ்டிக்கைக் கழுவுவது எளிதாக இருந்தது; கத்தித் தழும்பு விழுந்த பிளாஸ்டிக்கை, குறிப்பாகக் கோழிக் கொழுப்பு படிந்திருந்தால், கையால் கழுவிச் சுத்தமாக்க முடியவில்லை. இதனால் மரம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று ஆகிவிடாது. பச்சைக் கோழிக்கும் மீனுக்கும் தனிப் பலகை அவசியம். வேலை முடிந்ததும் சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுத் தேய்க்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் வாடையை எடுக்கும். சவர்க்காரத்தின் வேலையை அவை செய்யா.

பலகைக்கு எந்த எண்ணெயும் பூசலாம் என்பதும் சரியல்ல. செம்பனை எண்ணெய் வீட்டுக்கு வீடு உண்டு என்றாலும் அது உதவாது. காயாமல் பிசுபிசுத்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். தேங்காயெண்ணெய் மெதுவாகத்தான் கெடும், ஆனாலும் கெடும். மருந்தகத்தில் கிடைக்கும் கலப்பில்லாத திரவ பாரஃபின் கெடுவதில்லை. காய்ந்த பலகையின் இரு பக்கத்திலும் ஓரங்களிலும் அதை மெல்லியதாகப் பூச வேண்டும். எண்ணெய் கிருமியைக் கொல்லாது. தண்ணீர் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

கழுவிய பலகையைக் கொதிவெயிலில் கிடத்துவது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பலகை குழியும். நிழலில், இரு பக்கமும் காற்று படும்படி நிமிர்த்தி வைப்பதே முறை. மஞ்சள் கறைக்கு மட்டும் சிறிது நேர வெயில் உதவும். மஞ்சளின் நிறமி ஒளியில் சிதைந்துவிடும். தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவது எந்தப் பலகைக்கும் ஆகாது.

ஆழமான தழும்புகளை உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கி மீண்டும் எண்ணெய் பூசலாம். ஒட்டு பிரிந்தாலோ, கருப்புப் பூஞ்சை உள்ளிறங்கினாலோ, சிறு துளைகளிலிருந்து மாவுபோல் தூள் உதிர்ந்தாலோ பலகையை மாற்றிவிட வேண்டும்.